டிஸ்க்குக்கு இரண்டு வழி: இரண்டாவது வழி திறந்திருக்கிறதா?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள செட்டிநாட்டு வீடுகளில் முன் வாசல் ஒரு தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நேராக நடந்துகொண்டே போனால் பின் வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கல்யாணத்துக்கு முன் தெருவை அடைத்துப் பந்தல் போட்டாலும் கவலை இல்லை. காய்கறி மூட்டையும் பாத்திர வண்டியும் பின் தெரு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். வீடு ஒன்றுதான், ஆனால் உள்ளே போக வழி இரண்டு.

பெரிய சர்வர்களில் ஹார்ட் டிஸ்க்கை இணைப்பதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஒரு கேபிள் பழுதானால் இன்னொரு கேபிள் வழியாகத் தகவல் போய்வரும். இதற்கு மல்ட்டிபாத் என்று பெயர். யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் தினமும் புழங்கும் விஷயம் இது.

'நம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்தான் இருக்கின்றன. இது நமக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும், ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போதும், தேர்வு முடிவு பார்க்கும்போதும் பின்னால் இதுபோன்ற சர்வர்கள்தான் வேலை செய்கின்றன. இது ஒன்று. லினக்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்குப் போக விரும்பும் மாணவர்கள் இதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பழகலாம். இது இரண்டாவது. எப்படி என்று கட்டுரையின் பிற்பகுதியில் படிப்படியாகச் சொல்கிறேன்.

டிஸ்க் ஏன் வெளியே இருக்கிறது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கேபினெட்டுக்குள்ளேயே இருக்கும். மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சாட்டா கேபிள். அந்தக் கேபிள் கழன்றால் விண்டோஸ் பூட் ஆகாது. கேபினெட்டைத் திறந்து, கேபிளை அழுத்திச் செருகி, மீண்டும் ஆன் செய்வோம். பத்து நிமிட வேலை.

வங்கி, பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்ற இடங்களில் பல சர்வர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக டிஸ்க் வைத்தால் ஒன்றில் இடம் வீணாகும், இன்னொன்றில் இடம் போதாது. அதனால் டிஸ்க்குகளை எல்லாம் ஒரே பெட்டியில் அடுக்கி, சர்வர்களுக்குப் பங்கு பிரித்துத் தருகிறார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்டோரேஜ் அர்ரே என்று பெயர். சர்வர்களையும் அர்ரேயையும் இணைக்கும் நெட்வொர்க்குக்கு சான் என்று பெயர்.

இப்போது சர்வரிலிருந்து ஒரு தகவல் டிஸ்க்குக்குப் போகும் வழியைப் பாருங்கள். முதலில் சர்வரில் செருகியிருக்கும் ஹெச்பிஏ என்ற கார்டு. அதிலிருந்து ஒரு ஃபைபர் கேபிள். பிறகு சான் சுவிட்ச். அதிலிருந்து இன்னொரு கேபிள். பிறகு அர்ரேயில் உள்ள கன்ட்ரோலர். அதற்குப் பின்னால்தான் டிஸ்க். இந்த ஐந்தில் எது பழுதானாலும் சர்வர் டிஸ்க்கைப் பார்க்க முடியாது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. தகவலும் பத்திரமாக இருக்கும். போய்ச் சேர வழிதான் இருக்காது.

ஆகவே எல்லாவற்றையும் இரட்டையாக வைக்கிறார்கள். இரண்டு ஹெச்பிஏ, இரண்டு சுவிட்ச், இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு சுவிட்சும் இரண்டு கன்ட்ரோலர்களோடும் இணைந்திருந்தால் ஒரு டிஸ்க்குக்கு மொத்தம் நான்கு வழிகள் கிடைக்கும்.

ஒரே டிஸ்க், நான்கு பெயர்

கேபிளை இரட்டையாகப் போட்டால் மட்டும் வேலை முடியாது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு வழியாக ஒரே டிஸ்க்கைப் பார்க்கும் லினக்ஸ், அவற்றை நான்கு டிஸ்க்குகள் என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நான்கு பெயர் வைத்துவிடும். விஷயம் தெரியாத ஒருவர் எஸ்டிபியை ஒரு வேலைக்கும் எஸ்டிசியை இன்னொரு வேலைக்கும் ஒதுக்கி இரண்டிலும் எழுத ஆரம்பித்தால், ஒரே நோட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கணக்கு எழுதிய கதையாகிவிடும். ஃபைல் சிஸ்டம் சிதைந்துபோகும்.

இதைத் தடுப்பதுதான் மல்ட்டிபாத் சாப்ட்வேரின் முதல் வேலை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. சாப்ட்வேர் நான்கு டிஸ்க்குகளிடமும் அந்த எண்ணைக் கேட்கும். நான்கும் ஒரே எண்ணைச் சொன்னால், 'இது ஒரே ஆள்' என்று தீர்மானித்து நான்கையும் ஒரு புதுப் பெயரில் கட்டிவிடும். லினக்ஸில் அந்தப் பெயர் எம்பாத்ஏ என்பது போல இருக்கும். அதன்பின் நாம் அந்தப் பெயரை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது வேலை, வழிகளைக் கண்காணிப்பது. லினக்ஸில் மல்ட்டிபாத்டி என்ற புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் 5 வினாடியில் தொடங்கி, வழி நன்றாக இருக்க இருக்கச் சற்று இடைவெளி கூட்டி, ஒவ்வொரு வழியையும் தட்டிப் பார்க்கும். பதில் வராத வழியை ஒதுக்கிவிட்டு, பதில் தரும் வழியில் வேலையைத் தொடரும். ஒதுக்கிய வழி பிறகு சரியானால் தானாகவே மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வேலை, வழிகள் எல்லாம் நன்றாக இருக்கும்போது சுமையை அவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில அர்ரேக்களில் ஒரு கன்ட்ரோலர்தான் அந்த டிஸ்க்குக்கு முதல் பொறுப்பாளர், மற்றது மாற்று ஆள். அப்படிப்பட்ட இடங்களில் முதல் கன்ட்ரோலரின் வழிகளை மட்டும் பயன்படுத்திவிட்டு, மற்றவற்றைத் தயாராக வைத்திருக்கும்.

சன் நிறுவனம் உருவாக்கிய சோலாரிஸில் இந்த வசதிக்கு எம்பிஎக்ஸ்ஐஓ என்று பெயர். சோலாரிஸ் 8 காலத்தில் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2005-ல் வந்த சோலாரிஸ் 10-ல் சிஸ்டத்தோடேயே கிடைத்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் எம்பிஐஓ. ஹெச்பி-யூஎக்ஸில் 2007-ல் வந்த 11ஐ வி3 முதல் உள்ளேயே இருக்கிறது. பவர்பாத், டிஎம்பி ஆகியவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. லினக்ஸில் டிவைஸ் மேப்பர் மல்ட்டிபாத் இலவசம்.

விழுப்புரத்தில் சேரும் இரண்டு வழிகள்

இரண்டு கேபிள் இருந்தால் இரண்டு வழி இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக இரண்டு வழிகள் உண்டு. பல்லவன் எக்ஸ்பிரஸ் புதுக்கோட்டை, திருச்சி, விருத்தாசலம் வழியாகப் போகிறது. மற்றொரு வழி பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை, கடலூர் என்று போகும். அகலப்பாதை வேலை முடிந்து 2019-ல் காரைக்குடி - திருவாரூர் பாதையில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு பாதையில் கோளாறு என்றால் இன்னொரு பாதை இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் விழுப்புரத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் பாதை இரண்டுக்கும் பொது.

2024 டிசம்பர் 2 அன்று என்ன நடந்தது? ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் நிறுத்தப்பட்டன. திருச்சி வழியாக வந்தாலும் திருவாரூர் வழியாக வந்தாலும் அந்தப் பாலத்தைக் கடக்க முடியவில்லை. சில ரயில்களைக் காட்பாடி வழியாகத் திருப்பி விட்டார்கள். அந்தப் பாலத்தைத் தொடாத வழி அதுதான்.

சர்வர் அறையிலும் இப்படி ஒரு விழுப்புரம் எங்காவது ஒளிந்திருக்கும். கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

• ஒரே ஹெச்பிஏ கார்டில் இரண்டு போர்ட். கேபிள் இரண்டு, கார்டு ஒன்று.
• இரண்டு கார்டு, ஆனால் இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில்.
• இரண்டு சுவிட்ச், ஆனால் இரண்டின் பிளக்கும் ஒரே பவர் ஸ்டிரிப்பில்.
• எல்லாம் தனித்தனி, ஆனால் இரண்டு கேபிளும் தரையில் ஒரே குழாய்க்குள். எலி கடித்தால் இரண்டையும் சேர்த்தே கடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். சர்வரில் தொடங்கி டிஸ்க் வரை இரண்டு வழிகளையும் வரையுங்கள். மின் இணைப்பையும் சேர்த்து வரையுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே ஒன்றாகச் சேர்கின்றனவோ அங்கே வட்டம் போடுங்கள். அதுதான் உங்கள் பலவீனமான இடம்.

முதல் வழி போனது யாருக்கும் தெரியாது

மாற்று வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நன்றாக வேலை செய்வதுதான் அந்த ஆபத்து! ஒரே வழி மட்டும் இருந்தால், அது பழுதான அடுத்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு வழிகள் இருக்கும்போது ஒன்று பழுதானால் யாருக்கும் எந்தச் சிரமமும் தெரியாது. சர்வர் ஓடும், பில் அடிக்கும், ரிப்போர்ட் வரும். இரண்டாவதும் போகும்போதுதான் தெரியும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2011-ல் செட்டிநாட்டுப் பகுதியில் நகைக் கடன் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து அவசரமாக அழைத்தார்கள். ஊரும் பெயரும் வேண்டாம். சோலாரிஸ் 10 ஓடும் ஒரு சர்வர், ஒரு சிறிய அர்ரே, நடுவே இரண்டு ஃபைபர் கேபிள்கள். அன்றைக்கு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள். நகையைத் திருப்ப வந்தவர்களால் கவுன்ட்டர் நிரம்பியிருந்தது. ஆனால் எந்த ஸ்கிரீனிலும் கணக்கு வரவில்லை. யார் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தப் பையில் எந்த நகை இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அர்ரேயில் இருந்தது.

பேத்தி கல்யாணத்துக்கு நகை திருப்ப வந்திருந்த ஒரு ஆச்சி, "நகை உள்ள பெட்டியிலதானப்பா இருக்கு. எடுத்துக் குடுக்க என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது நகையைப் பற்றி. டிஸ்க்கின் நிலைமையும் அதேதான். உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது. எடுக்கத்தான் வழி இல்லை.

சர்வர் அறையில் ஏசி வேலை பார்த்தவரின் ஏணி பட்டு ஒரு ஃபைபர் கேபிள் பாதி கழன்றிருந்தது. அதைச் சரியாகச் செருகி, ஜெட்எஃப்எஸ் பூலுக்குக் கிளியர் கமாண்ட் கொடுத்து, தகவலைச் சரிபார்த்ததும் கணக்குகள் திரும்பி வந்தன. மதியத்துக்குள் ஆச்சி நகையோடு வீட்டுக்குப் போனார்.

ஒரு கேபிள் கழன்றதற்கு ஏன் எல்லாம் நிற்க வேண்டும்? லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். மூன்று மாதங்களுக்கு முன்பே மற்றொரு வழியில் ஃபைபர் கேபிளைச் செருகும் எஸ்எஃப்பி என்ற சிறு பகுதி செயலிழந்திருந்தது. 'மல்ட்டிபாத் ஸ்டேட்டஸ்: டிகிரேடட்' என்று சோலாரிஸ் தெளிவாக எழுதி வைத்திருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அங்கிருந்த மேலாளர் வருத்தத்தோடு சொன்னார்: "தினமும் காலையில வந்து பாப்பேன் தம்பி. பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுதானே இருந்துச்சு?"

"எத்தனை லைட்டுண்ணே?"

"ஒண்ணு."

இரண்டு எரிந்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோலாரிஸில் எம்பாத்ஏடிஎம் லிஸ்ட் எல்யூ என்று கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு எண்கள் வரும். ஒன்று, மொத்த வழிகள். மற்றொன்று, இப்போது இயங்கும் வழிகள். இரண்டும் சமமாக இருந்தால் நல்லது என்று நினைத்து, அதைச் சோதிக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட்கூட அங்கே போட்டிருந்தார்கள். நடுவில் ஒருநாள் நீண்ட மின்தடை. யுபிஎஸ் தாங்காமல் சர்வர் அணைந்து, மீண்டும் ஆன் ஆனது. ஆன் ஆகும்போது கண்ணில் பட்ட வழி ஒன்றுதான். ஆகவே மொத்தம் 1, இயங்குவது 1! ஸ்கிரிப்ட் தினமும் 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. லினக்ஸிலும் இப்படித்தான். ரீபூட் செய்யும்போது காணாமல் போயிருந்த வழி பட்டியலிலேயே வராது.

ஆகவே வழிகளின் எண்ணிக்கையை சிஸ்டத்திடம் மட்டும் கேட்டால் போதாது. எத்தனை வழிகள் இருக்க வேண்டும் என்பதைச் சர்வரை அமைத்த நாளிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஸ்கிரிப்ட்டும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரு கேபிள்

சரி, முதல் வழி பழுதானது தெரிந்துவிட்டது. உடனே கேபிளை மாற்றிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்ப்பவர்கள் பலருக்கும் டிபிஎஸ், பிஓஎஸ்பி வங்கிகள் நன்றாகத் தெரியும். அங்கே 2010-ல் நடந்ததைப் பாருங்கள். இது யூனிக்ஸ் சர்வர் அல்ல, ஐபிஎம் மெயின்ஃப்ரேம். ஆனால் பாடம் ஒன்றுதான்.

2010 ஜூலை 3 சனிக்கிழமை காலை 11.06-க்கு, மெயின்ஃப்ரேமோடு இணைந்த ஸ்டோரேஜில் ஒரு தகவல் இணைப்பு நிலையாக இல்லை என்று எச்சரிக்கை வந்தது. மாற்று ஏற்பாடுகள் பல அடுக்காக இருந்ததால் வங்கிச் சேவைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. என்ஜினியர் வந்து ஒரு கேபிளை மாற்றினார். எச்சரிக்கை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வந்து பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. ஜூலை 5 திங்கட்கிழமை அதிகாலை 2.58-க்கு மீண்டும் கேபிளை மாற்றும் வேலை நடந்தபோது தொடர்ச்சியாகப் பிழைகள் எழுந்தன. தகவல் கெட்டுவிடக் கூடாது என்று ஸ்டோரேஜ் தானாகவே மெயின்ஃப்ரேமோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

ஏடிஎம்கள், கிளைகள் என்று வங்கிச் சேவை சுமார் 7 மணி நேரம் முடங்கியது. வார முதல் நாள் காலையில் கையில் கார்டு இருந்தும் பணம் எடுக்க முடியாமல் மக்கள் நின்றார்கள். ஐபிஎம்மின் பிராந்திய உதவி மையம் சொல்லித் தந்த பழுதுபார்க்கும் முறை காலாவதியான ஒன்று என்பது பிறகு தெரியவந்தது. ஆகஸ்டில் சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ்ஸைக் கண்டித்ததோடு, கூடுதலாக 230 மில்லியன் சிங்கப்பூர் டாலரை மூலதனமாக ஒதுக்கி வைக்கச் சொன்னது.

ஒரு வழி பழுதாகி இருக்கும் நேரத்தில் நாம் மாற்று ஏற்பாடு இல்லாமல் நடக்கிறோம். பழுதுபார்ப்பது அந்த நேரத்தில்தான். ஆகவே கேபிளைத் தொடும் முன் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதான வழியை முதலில் கமாண்ட் மூலம் நிறுத்திவிட்டு, பிறகு கழற்றுங்கள். கழற்றப் போவது பழுதான கேபிள்தானா, நல்ல கேபிளா என்று லேபிளை இன்னொருவர் உரக்கப் படிக்கச் சரிபாருங்கள். நல்ல கேபிளைத் தவறாகப் பிடுங்கி இரண்டையும் இழந்த கதைகள் சர்வர் உலகில் ஏராளம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ஃபைபர் கேபிளும் அர்ரேயும் நம் வீட்டில் இருக்காது. கவலை வேண்டாம். ஐஸ்கஸி என்ற முறையில் சாதாரண நெட்வொர்க் வழியாகவே டிஸ்க்கைக் கொடுக்கலாம். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரும் இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸும் போதும். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள்.

1. விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி இரண்டிலும் டெபியன் லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். ஒன்றுக்குக் 'கிடங்கு' என்றும் மற்றதற்குக் 'கடை' என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். டிஸ்க் கிடங்கில் இருக்கும். பயன்படுத்துவது கடை.

2. ஒவ்வொன்றுக்கும் மூன்று நெட்வொர்க் அடாப்டர்கள் கொடுங்கள். முதலாவது நாட், இன்டர்நெட்டுக்காக. இரண்டாவதும் மூன்றாவதும் இன்டர்னல் நெட்வொர்க், இரண்டு வெவ்வேறு பெயர்களில். கிடங்குக்கு 192.168.10.1, 192.168.20.1 என்றும், கடைக்கு 192.168.10.2, 192.168.20.2 என்றும் ஐபி கொடுங்கள். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் போடாதீர்கள். போட்டால் லினக்ஸ் இரண்டு போக்குவரத்தையும் ஒரே அடாப்டர் வழியாக அனுப்பிவிடக்கூடும். அது நாம் பார்த்த விழுப்புரம் கதைதான்.

3. கிடங்கில் டார்கெட்சிஎல்ஐ-எஃப்பி என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, 1 ஜிபி அளவில் ஒரு ஃபைலை டிஸ்க்காக உருவாக்கி, அதை ஐஸ்கஸி டார்கெட்டாகத் திறந்துவிடுங்கள். கடையின் இனிஷியேட்டர் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

4. கடையில் ஓப்பன்-ஐஸ்கஸி, மல்ட்டிபாத்-டூல்ஸ் இரண்டையும் இன்ஸ்டால் செய்யுங்கள். கிடங்கின் இரண்டு ஐபிக்களையும் தனித்தனியாக டிஸ்கவரி செய்து, இரண்டிலும் லாகின் செய்யுங்கள். இப்போது எல்எஸ்பிஎல்கே என்று கொடுத்தால் 1 ஜிபி டிஸ்க் இரண்டு தெரியும். கிடங்கில் நாம் வைத்தது ஒன்றுதான்! ஒரே டிஸ்க்குக்குப் பல பெயர் என்று முன்பு சொன்னேனே, அதை இப்போது நேரில் பார்க்கிறீர்கள்.

5. மல்ட்டிபாத் -எல்எல் என்று கொடுங்கள். ஒரு பெயரின் கீழ் இரண்டு வழிகள், இரண்டிலும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று வர வேண்டும். எதுவும் வரவில்லை என்றால் மல்ட்டிபாத் -ஏ என்று கொடுத்து அந்த டிஸ்க்கின் பெயரைச் சேர்த்துவிட்டு, மல்ட்டிபாத்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

6. மேப்பர் ஃபோல்டரில் வந்திருக்கும் புதுப் பெயரைக் கொடுத்து டிஸ்க்கை ஃபார்மேட் செய்து மவுன்ட் செய்யுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி பெயர்களைத் தொட வேண்டாம். டிடி கமாண்டில் ஓஃபிளாக்=டைரக்ட் என்று சேர்த்து ஒரு பெரிய ஃபைலை எழுத விடுங்கள். அப்போதுதான் ராமில் தங்காமல் நேராக டிஸ்க்குக்குப் போகும்.

7. எழுதிக்கொண்டிருக்கும்போதே விர்ச்சுவல்பாக்ஸில் கடையின் நெட்வொர்க் செட்டிங்குக்குப் போய், இரண்டாவது அடாப்டரில் 'கேபிள் கனெக்டட்' என்ற டிக் மார்க்கை எடுத்துவிடுங்கள். மவுஸாலேயே கேபிளைப் பிடுங்கியாயிற்று! சில வினாடிகள் எழுதுவது நின்று, பிறகு தொடரும். மல்ட்டிபாத் -எல்எல் கொடுத்தால் ஒரு வழியில் 'ஃபெயில்டு ஃபால்ட்டி' என்று காட்டும்.

நின்ற நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் வரை நின்றால் ஐஸ்கஸிடி.கான்ஃப் ஃபைலில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் என்ற இடத்தைக் கவனியுங்கள். அதன் வழக்கமான மதிப்பு 120 வினாடிகள். ஒரே வழி மட்டும் இருக்கும்போது பொறுமையாகக் காத்திருப்பது நல்லது. மாற்று வழி இருக்கும்போது அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. 5 அல்லது 10 என்று குறைத்துவிட்டு, லாக்அவுட் செய்து, மீண்டும் டிஸ்கவரி செய்து லாகின் செய்து பாருங்கள்.

8. டிக் மார்க்கைத் திரும்பப் போடுங்கள். சற்று நேரத்தில் வழி தானாகவே சேர்ந்துவிடும். பிறகு இரண்டு கேபிள்களையும் பிடுங்கிப் பாருங்கள். மல்ட்டிபாத்.கான்ஃப் ஃபைலில் நோ_பாத்_ரீட்ரை என்ற இடத்தில் என்ன கொடுத்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்து, உடனே பிழை காட்டும் அல்லது வழி திரும்பும் வரை காத்திருக்கும். காத்திருக்கும்போது சர்வர் உறைந்தது போலத் தெரியும். பதறி ரீசெட் பட்டனை அழுத்தாமல், முதலில் வழிகளைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது புரியும்.

9. கடைசியாக, ஒரு கேபிளைப் பிடுங்கிய நிலையில் கடையை ரீபூட் செய்து, மீண்டும் லாகின் செய்யுங்கள். பட்டியலில் ஒரே ஒரு வழி, 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் அங்கே இருக்காது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள், வேலைக்குப் போன இடத்தில் வழிகளை எண்ணாமல் இருக்க மாட்டார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன பாடம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்குக்கு நான்கு வழி இருந்தாலும் டிஸ்க்கில் உள்ள தகவல் ஒரு பிரதிதான். ஃபைலைத் தவறுதலாக அழித்தால் நான்கு வழியிலும் அது அழிந்தே தெரியும். மல்ட்டிபாத் ஒருபோதும் பேக்கப் ஆகாது. குடும்பப் புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியாக ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி வைத்திருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு கேபிளும் தெருமுனையில் ஒரே கம்பத்தில் தொங்குகின்றனவா? லாரி ஒன்று அறுத்துக்கொண்டு போனால் இரண்டும் போகும். மொபைல் டேட்டாவை மாற்றாக வைத்துக்கொள்வது இதைவிட மேல்.

வீட்டில் நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள், அதில் இரண்டு லேன் போர்ட் இருந்து இரண்டையும் இணைத்திருந்தால், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்புகிறீர்கள். ரௌட்டரின் பிளக் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா?

மாதத்தில் ஒருநாள், அவசர வேலை எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் இணைப்பை நீங்களே நிறுத்திவிட்டு இரண்டாவதில் அரைமணி நேரம் வேலை செய்து பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே சரிசெய்ய நேரம் இருக்கும். மகளின் ஆன்லைன் தேர்வு நடுவிலோ, கவுன்சலிங் விருப்பப் பட்டியலைப் பூர்த்தி செய்யும் கடைசி நாளிலோ தெரிந்தால் அந்த நேரம் கிடைக்காது.

சர்வர் அறையில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இன்னொரு சிறு வேலை. நாளைக் காலை போனதும் ஒவ்வொரு சர்வரிலும் வழிகளை எண்ணி, ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சர்வரின் மேலேயே ஒட்டிவிடுங்கள். '4 வழி, 4 பச்சை லைட்' என்று எழுதினால் போதும். அறையைப் பெருக்க வருபவர்கூடப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல மூணுதான் எரியுது" என்று சொல்வார்.